மாற்றலாகிப் போகும் சீஷன்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ராணுவத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு ஆராதனைக்குப் பெரும்பாலும் போக முடிவதில்லை. ஓரிடத்தில் சபையாரோடு பழகுவதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. உறவினர் ஒருவரோ, துப்பாக்கி பிடித்தவன் இயேசுவின் சீஷனாக இருக்க முடியாது, வேலையை விடச் சொல் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கி விஷயத்தில் கிறிஸ்தவர்கள் என்றைக்கும் ஒருமனப்பட்டதில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்த டெஸ்மண்ட் டாஸ் என்ற கிறிஸ்தவர் ஆயுதத்தைத் தொடாமலே படையில் இருந்தார். 1945இல் ஜப்பானின் ஒக்கினாவா தீவில், காயம்பட்டவர்களைச் செங்குத்துப் பாறையிலிருந்து கயிறு கட்டி இறக்கிக் காப்பாற்றினார். உங்கள் தம்பியின் மனசாட்சிக்கு நானோ உறவினரோ தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து கேட்டபோது அவர் வேலையை விடச் சொல்லவில்லை. யாருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார் (லூக்கா 3:14). மூன்றுமே போர்க்களம் இல்லாத நாளிலும் செய்யக்கூடிய பாவங்கள். சீருடை தருகிற சில்லறை அதிகாரத்தில்தான் அவர் கைவைத்தார்.

சபைக்கு வருவோம். 1933இல் அமெரிக்காவில் டாசன் டிராட்மன் என்பவர், லெஸ் ஸ்பென்சர் என்ற கடற்படை மாலுமிக்கு வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் வசனங்களை மனப்பாடம் செய்யவும் பழக்கினார். அந்த மாலுமியிடம் தெரிந்த மாற்றத்தைக் கண்டு, கப்பலில் இன்னொருவர் தனக்கும் இது வேண்டும் என்றார். ஸ்பென்சர் அவரை டிராட்மனிடம் கூட்டிவந்தார். டிராட்மன் மறுத்துவிட்டார்: உனக்கு நான் கற்றுத்தந்ததை அவருக்கு நீ கற்றுக்கொடு. (எனக்குப் பிடித்தது அந்த மறுப்புதான். ஆள் சேர்ந்தால் போதும் என்றிருக்கும் எத்தனை ஊழியர்களுக்கு அது வரும்?) டிராட்மன் தொடங்கிய நேவிகேட்டர்ஸ் என்ற கிறிஸ்தவ இயக்கம் இப்படித்தான், ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்து, வளர்ந்தது. கப்பல் கரையை விட்டுப் போனால் போதகர் கரையில் நின்றுவிடுவார். பக்கத்துப் படுக்கைக்காரன் கூடவே வருவான். உங்கள் தம்பியும் கூட இருக்கும் வீரர்களில் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தம்பி பதவி உயர்ந்த பிறகு, தனக்குக் கீழே இருப்பவரை ஜெபத்துக்கு அழைத்தால் அது உத்தரவாகவே காதில் விழும். "சரி ஐயா" என்று வருகிறவர் மனதோடு வந்தாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜெபத்தையும் வாசிப்பையும் சம நிலையில் இருப்பவர்களோடு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, யாரோடு சேர்ந்து வேதம் வாசிக்கிறான் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், ஒருவர் கிடைக்கும்வரை நீங்களே துணையாக இருங்கள்; இருவரும் தினமும் ஒரே அதிகாரத்தை வாசித்துவிட்டு, இரண்டு வரி எழுதி அனுப்பிக்கொள்ளுங்கள்.