ஜெபமும் நோன்பும் இருக்க, அன்புக்கு ஏன் முதலிடம்?

தவறாமல் ஜெபித்து நோன்பிருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. மலைகளைப் பெயர்க்கும் விசுவாசம் இருந்தும் அன்பு இல்லையேல் நான் ஒன்றுமில்லை என்று திருத்தூதர் பவுல் விவிலியத்தின் 1 கொரிந்தியர் 13-இல் கறாராகவே எழுதுகிறார்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தமது 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற தியான வழிகாட்டி நூலின் முடிவில் வைத்த தியானமே அன்பைப் பற்றியதுதான். அன்பு சொல்லைவிடச் செயலில் வெளிப்பட வேண்டும் என்பது அதன் முதல் குறிப்பு.

செயல் என்றால் மலைப்பாக எதுவும் வேண்டாம். மார்கழிப் பனியில் விரல் விறைக்கக் கேரட் பிடுங்கிக் கழுவியவருக்குப் பேசிய கூலியை அன்று மாலையே எண்ணிக் கொடுக்கலாம். கூலியைப் பிடித்துவைப்பவர்களை யாக்கோபின் நிருபம் வெளுத்து வாங்குகிறது. பக்திப் பரவசம் வரும், போகும் (எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை). வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளியிடம் நாமே முதலில் போய்ப் பேசுவதுதான் கடினம். காணிக்கையைக்கூடப் பீடத்தருகே விட்டுவிட்டு முதலில் அவரோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24.