வாஷிங் மெஷினுக்கெல்லாம் சிமுலேஷன் வேலை இருக்கிறதா?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். நீரோட்டமும் வளையும் பாகமும் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணினியில் கணக்கிடும் வேலை விமானத்துக்கு மட்டும்தானா? வீட்டுச் சாதனங்களுக்கு யாராவது செய்கிறார்களா?

பதில்: செய்கிறார்கள். ஓசூரில் எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஏதோ பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மெஷினுக்குத் தண்ணீர் விடும் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்னதாக ஒரு ரப்பர் டயஃப்ரம், அதாவது வளைந்துகொடுக்கும் சவ்வு, இருக்கும். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே தண்ணீர் மேலே போய், அந்த அழுத்தமே ரப்பரை அமுக்கி வழியை அடைக்கும். காயிலுக்குக் கரண்ட் வந்தால் நடு ஓட்டை திறந்து, மேல் அழுத்தம் இறங்கி, ரப்பர் எழும்பும். காயில் தூண்டிவிடுவதோடு சரி, வேலையைச் செய்வது தண்ணீர்.

மெஷினை அணைத்த பிறகும் டிரம்மில் தண்ணீர் சேர்கிறது என்று எங்களுக்குப் புகார் வந்தது. புது வால்வு போட்டாலும் சில வீடுகளில் அதே கதை. "இத்துனூண்டு ரப்பருக்கு சிமுலேஷனா?" என்று அப்போதைய மேலாளர் மீட்டிங்கிலேயே சிரித்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

விமான இறக்கை காற்றைவிடப் பல மடங்கு கனம். அதனால் ஒவ்வொரு நேரப்படியிலும் (கணக்குக்காக நேரத்தை நறுக்கும் சின்னத் துண்டு) காற்றுக்கு ஒரு கணக்கு, இறக்கைக்கு ஒரு கணக்கு என்று மாறி மாறிப் போட்டாலே பெரும்பாலும் ஓடிவிடும். ரப்பரும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. அதே முறையில் போட்டால் எண்கள் தறிகெட்டுப் போகும், நேரப்படியைக் குறைத்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு படிக்குள்ளும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். வால்வு மூடும்போது இடைவெளி சுருங்கி, கணக்குக்காக இடத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலைப்பின்னலும் நசுங்கும். வலை நகரவே தேவையில்லாத முறையை கணிதவியலாளர் சார்லஸ் பெஸ்கின் 1972இல் கொண்டுவந்தார், அதுவும் இதய வால்வுக்காக.

டெஸ்ட் பண்ணியிருந்தாலே தெரிந்திருக்குமே என்று கீழே கமென்டில் ஒருவர் வருவார். டெஸ்ட் நடந்தது, பம்ப் வைத்து முழு அழுத்தத்தில். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டைப் போல மொட்டை மாடித் தளத்திலேயே டேங்க் உட்கார்ந்திருந்தால் கிடைப்பது 3 மீட்டர் உயரம், அதாவது சுமார் 0.3 பார் (bar) அழுத்தம். அந்த அழுத்தத்தில் ரப்பர் முழுதாக உட்காரவில்லை என்று கணக்கு காட்டியது. எந்த விளிம்பை எவ்வளவு மெல்லியதாக்கினால் உட்காரும் என்பதையும் காட்டியது. பம்ப் அதைச் சொல்லாது.

இதே வேலைக்கு அத்திப்பள்ளி தாண்டி, அதாவது எல்லை கடந்து பெங்களூர் பக்கம் போனால், சம்பளம் வேறு. ஓசூர் என்றால் "சொந்த ஊர் பக்கம்தானே, செலவு கம்மி" என்று பேரம் பேசுகிறார்கள். இங்கே வீட்டு வாடகை என்ன என்று எச்ஆர் ஒருநாள் வந்து விசாரிக்கட்டும். சரி, அது வேறு கதை.

சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம், பாகம் வளைவதைக் கணக்கிடும் கால்குலிக்ஸ், இரண்டையும் இணைக்கும் ப்ரீசைஸ், இந்த மென்பொருள் எல்லாமே இலவசம். டூரெக், ஹ்ரோன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனைக் கணக்கு ஒன்று உண்டு: ஓட்டத்தின் நடுவே உருளை, அதன் பின்னால் ஆடும் மீள்பட்டை. நுனி எவ்வளவு ஆடும் என்ற விடை ஏற்கெனவே வெளியாகியிருக்கிறது. உங்கள் எண் அதோடு ஒத்துவந்தால் இன்டர்வியூவுக்கு அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். எதிரில் நான் உட்கார்ந்திருந்தால் வேறு எதையும் கேட்க மாட்டேன்.