சீன மொழிக்கு மாற்றிய ஆப்பில், நாட்காட்டித் தலைப்பில் ஏழு கிழமைக்கும் ஒரே பெயர் வருகிறதே, ஏன்?

ஃபான்ட்டைச் சந்தேகப்பட்டு ஒரு நாளை வீணாக்காதீர்கள், நான் ஏற்கெனவே வீணாக்கியிருக்கிறேன். உங்கள் கோடில் எங்கோ கிழமைப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை வெட்டி எடுக்கும் வரி இருக்கும்.

சீனத்தில் திங்கள் 'ஷிங்ச்சி ஈ', செவ்வாய் 'ஷிங்ச்சி அர்'. ஈ என்றால் ஒன்று, அர் என்றால் இரண்டு. 'ஷிங்ச்சி' என்பதே இரண்டு எழுத்து. வெட்டினால் ஏழு கட்டத்திலும் அது மட்டும் மிஞ்சும். அதாவது 'வாரம், வாரம், வாரம்' என்று வரிசையாக! மாதத்திலும் இதே கூத்துதான். அங்கே மாதப் பெயர் என்பது எண்ணும் 'மாதம்' என்ற எழுத்தும்தான். அக்டோபர் வரை இரண்டே எழுத்து, பெயர் முழுசாக இருக்கும். நவம்பரும் டிசம்பரும் மூன்றெழுத்து என்பதால் வெறும் 'பதினொன்று', 'பன்னிரண்டு' என்று நிற்கும். (கணினிக்குத் துணைக்குறியும் தனி எழுத்து என்பதால் இதே கோடு தமிழில் ஞா, தி, செ என்று தற்செயலாகத் தப்பிவிடும், சனி மட்டும் 'சன' ஆகும்.)

நாங்கள் முதலில் செய்த திருத்தம் இன்னும் மோசம். பெயர் எண்தானே என்று 1 முதல் 7 வரை நாங்களே சீன எண்களைப் போட்டோம். ஷாங்காயிலிருந்து டெஸ்டர் ஸ்கிரீன்ஷாட்டில் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினார். ஞாயிறு அங்கே ஏழு இல்லை, 'ரி'. சூரியன், நாள் இரண்டுக்கும் அதே எழுத்து.

கைவேலை வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் என்றால், தேதியை அந்தந்த மொழி வழக்கில் எழுதித் தர அதிலேயே இருக்கும் Intl.DateTimeFormat-இல் வீக்டே (weekday) என்பதற்கு 'நேரோ' (narrow) என்று கொடுங்கள், ஒற்றை எழுத்துப் பெயர் சரியாக வரும். தேதியையும் நேரத்தையும் அதனிடமே விடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையும் சரியாக அமையும், 'பிற்பகல்' என்பதற்கான 'ஷியாவு' மணிக்கு முன்னால் போய் உட்காரும். அதை நாமே ஒட்டினால் பிஎம் மாதிரி பின்னால்தான் ஒட்டுவோம்.

அப்புறம், தைவானுக்கும் போகிற ஆப் என்றால் பிறந்த ஆண்டுப் பெட்டியையும் பாருங்கள். அங்கே மின்குவோ (சீனக் குடியரசு) ஆண்டும் புழக்கத்தில் உண்டு. நம் ஆண்டில் 1911-ஐக் கழித்தால் அது. ஒருவர் 75 என்று போட்டார், எங்கள் ஆப் சமர்த்தாக 1975 என்று சேமித்துக்கொண்டது. அவர் பிறந்தது 1986-இல்.