இயேசு "நான் கடவுள்" என்று எங்கே சொன்னார்?

கேள்வி: "நான் கடவுள்" என்று இயேசு ஒரு இடத்திலும் நேராகச் சொல்லவில்லையே, பிறகு எதை வைத்து அவரைக் கடவுள் என்கிறீர்கள்?

அந்த வாக்கியம் நற்செய்திகளில் இல்லைதான். மாற்கு 4:35–41ஐ எடுத்துக்கொண்டு, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஒருவரோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

பெருங்காற்று. அலை ஏறி படகில் தண்ணீர் நிறைகிறது. இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்பியதும் காற்றை அதட்டி, கடலைப் பார்த்து "இரையாதே" என்கிறார். காற்று நின்று பெரும் அமைதி உண்டாகிறது. காற்று சட்டென்று விழுவது நம் வடகடலிலும் (பாக் நீரிணை) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) நடப்பதுதான். ஆனால் காற்று விழுந்ததும் கடல் படுத்துவிடாது, அலை ஆடி அடங்க நேரம் பிடிக்கும். இங்கே இரண்டும் ஒரே அதட்டலில் அடங்குகின்றன. பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நால்வரும் அந்தக் கலிலேயா ஏரியிலேயே வலை போட்டுப் பிழைத்தவர்கள். அதனால்தான் புயல் நின்ற பிறகு அவர்களுக்குப் பயம் கூடுகிறது: "இவர் யாரோ?"

பதில் அவர்கள் பாடி வளர்ந்த 107-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. கப்பலேறிப் போனவர்கள் கூப்பிடுகிறார்கள், ஆண்டவர் புயலை அமர்த்துகிறார் (வச. 23–30). தீர்க்கதரிசி யோனாவும் புயலில் தூங்கியவர்தான், ஆனால் அவரை எழுப்பி "உன் தெய்வத்தைக் கூப்பிடு" என்றார்கள். இயேசு யாரையும் கூப்பிடவில்லை, தாமே கட்டளையிடுகிறார். ஆண்டவர் ஒருவரே (உபாகமம் 6:4) என்று அறிக்கையிடும் யூதருக்கு இதன் கனம் புரியும்.

இன்னும் நேரடியாக வேண்டுமானால் மாற்கு 2:5–7 (பாவத்தை மன்னிக்கிறார்), யோவான் 8:58 (ஆபிரகாமுக்கு முன்னமே தாம் இருப்பதாகச் சொல்கிறார்), யோவான் 20:28. கடைசி வசனத்தில் தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்கிறார். இயேசு அவரைத் திருத்தவில்லை.

1 யோவான் 5:7ஐ மட்டும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் கிடையாது. விவாதத்தில் அது ஒன்று விழுந்தால் மற்ற வசனங்களையும் கேட்கமாட்டார்கள். "325-இல் நிசேயா சங்கம்தான் இயேசுவைக் கடவுளாக்கியது" என்பதும் தவறு. ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் ஏற்கெனவே இருந்த நம்பிக்கைக்கு வார்த்தை வகுத்தது. சுமார் 112-லேயே ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதியிருக்கிறார்.

"பிதா என்னிலும் பெரியவர்" (யோவான் 14:28) என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே படகைத்தான் நான் காட்டுவேன். அயர்ந்து தூங்கியவரும் அவரே, கடலை அதட்டியவரும் அவரே. மனிதராய் வந்தவர் பிதாவுக்குக் கீழ்ப்படிந்தே நடந்தார் (பிலிப்பியர் 2:6–8).

நம் கரையில் இந்த நம்பிக்கையைக் காதால் கேட்கவேண்டுமானால், தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோவிலில் மன்றாட்டுமாலை சொல்லும்போது நில்லுங்கள். சந்தியாகப்பர் என்பது மேலே சொன்ன மீனவர் யாக்கோபுதான். அவர் பெயர் வரும்போது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். கிறிஸ்துவின் பெயருக்கு அப்படிச் சொல்வதில்லை, "இரக்கமாயிரும்" என்பார்கள்.