தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. டார்மிட்டரியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ராத்திரி ஒரு மணி வரை தூக்கமே வருவதில்லை என்கிறார், விடிகாலை ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அங்கே போகிறான். அவனிடம் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. தூக்க மாத்திரைகளில் பலவற்றை சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும், பாவம் அந்தப் பையன் சிக்கலில் மாட்டுவான். அதைவிட முக்கியம், ராத்திரி ஒரு மணிக்கு மாத்திரை போட்டவர் விடிந்ததும் சாரத்தில் ஏறும்போது மயக்கம் உடம்பை விட்டுப் போயிருக்காது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

அவருடைய ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓவர்டைம் முடிந்து லாரியில் அறைக்கு வர ஒன்பது, பத்து ஆகிவிடும், அப்புறம் குளிக்க வரிசை, துணி துவைக்க வரிசை, எல்லாம் முடிந்து கட்டிலில் சாய்ந்தால் மேல் கட்டிலில் ஒருவர் வீடியோ பார்க்கிறார், எதிரே ஒருவர் வீட்டோடு பேசுகிறார், நைட் ஷிஃப்ட்காரர் விளக்கைப் போட்டுக் கிளம்புகிறார். மூட்டைப்பூச்சி வேறு. 2021-ல் வந்த விதிப்படி புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேர்தான், கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடம் விட வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் ஒவ்வொருவர் வேலை நேரமும் வேறு வேறாக இருந்தால் அந்த ஒரு மீட்டரால் பெரிய பலன் இல்லை. ஒரே ஷிஃப்ட்காரர்களை ஒரே அறையில் போடச் சொல்லி நாலு பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்கலாம்.

இன்னொன்று, சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நீங்கள் ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அவருக்கு நடுராத்திரி. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது, அடகு நகை ஏலத்துக்கு வரப்போகிறது என்று அந்த நேரத்தில் கேட்டவர் எப்படிக் கண்ணை மூடுவார்? மறைக்கச் சொல்லவில்லை. பணப் பேச்சை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் நம் நேரம் ஏழரைக்குள் பேசி, பிள்ளைகள் குரலைக் கேட்க வைத்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீயும் எனர்ஜி டிரிங்கும் வேண்டாம். தூக்கத்துக்கு பீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், அது தூங்க வைத்த மாதிரி இருந்து பின்னிரவில் எழுப்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே போனாலோ, மனசு எதிலும் ஒட்டவில்லை என்றாலோ, குறட்டைக்கு நடுவில் மூச்சு நிற்கிறது என்று அறைக்காரர்கள் சொன்னாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து டார்மிட்டரியில் இருப்பவர்களுக்கு மருத்துவத் திட்டம் எடுப்பது கம்பெனியின் கடமை, மருத்துவ மையத்துக்கு ஒரு தடவை போக அவர் கையிலிருந்து 5 சிங்கப்பூர் டாலர்தான். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே பலர் போவதில்லை. மனம் விட்டுப் பேச ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பும் அங்கே இருக்கிறது.

கேள்வி: துபாயில் செக்யூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேரம் நைட். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை, என்ன செய்ய?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, வெளிச்சம் கண்ணில் பட்டதும் உடம்பு விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்து வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கீழ்க் கட்டில் கிடைத்தால் சுற்றிலும் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். ஒரே தூக்கமாக வராவிட்டால் காலையில் நாலு மணி நேரம், டியூட்டிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துத் தூங்கலாம், ஆனால் தினமும் அதே நேரத்தில். லீவு நாளிலும் அந்த நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள்.