சொல் சந்தேகம்: விஞ்சியதா, மிஞ்சியதா?

கேள்வி: பள்ளி ஆண்டு மலரில் ‘நடனத்தில் தங்கை அக்காளை மிஞ்சிவிட்டாள்’ என்று எழுதினேன். ‘விஞ்சிவிட்டாள்’ என்று திருத்திவிட்டார்கள். மிஞ்சு பிழையா?

பதில்: பிழையே இல்லை. ‘குருவை மிஞ்சிய சீடன்’ என்று ஊரே சொல்கிறது. ஆனாலும் திருத்தியவர் ஏன் தயங்கினார் என்பது புரிகிறது. விஞ்சு என்றால் திறத்திலோ அழகிலோ அளவிலோ மேலோங்குதல். இன்றைய எழுத்தில் அதற்குப் பெரும்பாலும் பாராட்டுத் தொனிதான். மிஞ்சுவுக்கு வேலை அதிகம். ‘என்னையே மிஞ்சப் பார்க்கிறாயா?’ என்று வீட்டில் அதட்டினால், அங்கே திறமை பேச்சிலேயே இல்லை, அடங்காமைதான் குற்றம். உங்கள் வரியில் ‘நடனத்தில்’ என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள், சண்டை வாடை வரும். அந்தச் சொல் இருப்பதால் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

உருபையும் கவனியுங்கள். ஆளை ஒப்பிட்டால் ‘ஐ’: அக்காளை விஞ்சினாள். அளவைச் சொன்னால் ‘கு’: வரவுக்கு மிஞ்சிய செலவு; அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மீந்துபோனதைச் சொல்ல மிஞ்சு மட்டுமே பொருந்தும். 10 இட்லியில் இரண்டு மிஞ்சின என்கிறோம். ‘விஞ்சின’ என்று எழுதினால் அந்த இரண்டும் மற்ற எட்டையும் போட்டியில் தோற்கடித்ததாக ஆகிவிடும்!

கேள்வி: ‘அண்ணனை விட விஞ்சினான்’ என்பது சரியா?

பதில்: இல்லை. ஒப்பீடு விஞ்சு என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘விட’ அதையே மறுபடி சொல்கிறது. ‘அண்ணனை விஞ்சினான்’ போதும். ‘விட’ வேண்டுமானால் வினையை மாற்றுங்கள்: அண்ணனை விட நன்றாகப் பாடினான். ‘அண்ணனுக்கு விஞ்சினான்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ‘அளவுக்கு மிஞ்சி’ என்பதன் பழக்கத்தில் வருவது அது, ஆளுக்கு ஒட்டாது.

கேள்வி: பேருந்து லாரியை விஞ்சிச் சென்றது எனலாமா?

பதில்: முந்திச் சென்றது. இடம், நேரம், வரிசை என்றால் முந்து. விதியையும் எல்லையையும் மீறுவோம். சாதனையை முறியடிப்போம்.

கேள்வி: ‘மிஞ்சிப் போனால் 100 ரூபாய்’ என்றால் நூறுக்கு மேலா, கீழா?

பதில்: நூறுதான் உச்சம். எண்பதிலும் முடியலாம். கீழ் எல்லையைச் சொல்ல ‘குறைந்தது 100 ரூபாய்’ என்று எழுதுங்கள்.