தோப்புக் கணக்கு கேட்டால் அண்ணன் கோபப்படுகிறார்

அண்ணனோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் தென்னந்தோப்பின் கணக்கைக் கேட்டாலே அவர் கோபப்படுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய கணக்கைக் கேட்காதீர்கள். அடுத்த வெட்டிலிருந்து, அதாவது அடுத்த காய் பறிப்பிலிருந்து, உங்களுக்கு மாதச் சம்பளம் கேளுங்கள்.

தண்ணீர், உரம், ஆள் மேய்ப்பது எல்லாம் நீங்கள். காய் விற்றுப் பணம் வாங்குவது அண்ணன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது. உங்கள் உழைப்புக்கான கூலியும் நிலத்தின் லாபமும் ஒரே பையில் கலந்து கிடக்கின்றன. அதனால் நீங்கள் ‘கணக்கு எங்கே?’ என்றால், அவர் காதில் ‘எடுத்துக்கொண்டாயா?’ என்று விழுகிறது.

அடுத்த வெட்டன்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை காய், என்ன விலை, ஏறு கூலி, உரி கூலி, கழித்த காய் எத்தனை. அண்ணன் கையாலேயே எழுதட்டும். நோட்டு மோட்டார் ரூம் ஆணியில் தொங்கட்டும், வீட்டு அலமாரிக்குள் போக வேண்டாம். எங்கள் தோப்பில் இரண்டாம் வெட்டுக்கே அண்ணி வந்து ஆட்களுக்கு வாங்கிய டீச் செலவைக்கூட எழுதிவைத்தார். அப்புறம் யாரும் குரல் உயர்த்தவில்லை.

சரி, ஒரு எச்சரிக்கை. பட்டா இன்னும் அப்பா பெயரில் என்கிறீர்கள். இந்த நோட்டைப் பாகப்பிரிவினைப் பேச்சாக மாற்றிவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பாகம் பேசும் நாள் வந்தால் உங்கள் அக்காவையும் உட்கார வையுங்கள், அதற்கு முன் ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள்.